இடப்பக்கம் திரும்பும்போது

கணினி விளையாட்டுக் கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை, மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த அந்தப் பெண் ஐந்து நிமிடம் விளையாடிவிட்டுக் கையை எடுத்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் புசானில் ஏதோ ஒரு மறுவாழ்வு மருத்துவமனையின் பெயர் இருந்தது. விளையாட்டு பிடிக்கவில்லை போல என்று கிபொம் நினைத்தான். சிரித்த முகத்தோடு விளம்பரத்தாளை நீட்டப் போனான்.

"ஒண்ணு கேக்கலாமாங்க? இந்தப் பொண்ணுக்கு எந்தக் கை வராது?" என்றாள் அவள், திரையில் இருந்த நாயகியைக் காட்டி. "முன்னால போறப்ப இடது கை தொங்குது. சரிதான். பின்னால திரும்பினா அதே இடது கையில வாளைப் பிடிச்சிக்கிட்டு வலது கையைத் தொங்கப் போட்டுக்கறா. நாங்க தினமும் இதையே பாக்குறவங்களா, கண்ணு அங்கதான் போகுது. தப்பா எடுத்துக்காதீங்க."

கிபொம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் சொல்ஹி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

'உப்புச் சாலை' அவர்கள் இரண்டு பேராகச் செய்த விளையாட்டு. யொங்தோவில் ஒரு மொட்டைமாடி அறை, வெயிலில் கொதிக்கும் தகரக் கூரை, இரண்டு மேசை. அவ்வளவுதான் அலுவலகம். நாயகி ஒரு தபால்காரி. முதுகில் பை, கையில் வாள். திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோவாள். வழியில் வரும் பூதங்களை வெட்டி வெட்டி வலிமை சேர்த்துக்கொள்வாள். பெயர் மல்சுக். வாள் பிடிக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு அரதப் பழைய பெயரா என்று விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அது சொல்ஹியின் அம்மா பெயர். மீன் வடைக் கடையில் முப்பது வருடம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவள். பக்கவாதம் வந்து இடது கை போன பிறகும் கடைக்குப் போகணும் என்று அடம் பிடித்தவள்.

இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆளை ஒரு பக்கம் பார்த்துத்தான் வரைவார்கள். மறுபக்கம் திரும்பினால் அதே படத்தைக் கண்ணாடியில் காட்டுவதுபோலக் கணினியே திருப்பிக்கொள்ளும். நிரலில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், பாதி வேலை மிச்சம். உலகமே அப்படித்தான் செய்கிறது என்று கிபொம் ஆரம்பத்திலேயே சொன்னான்.

"எங்கம்மாவுக்கு வராதது இடது கைடா" என்றாள் சொல்ஹி. "வடக்கே திரும்பினாலும் இடது, தெக்கே திரும்பினாலும் இடது. நீ திருப்பிப் போட்டா கை மாறிடும். நான் ரெண்டு பக்கமும் தனித்தனியா வரையறேன்."

"அக்கா, எல்லாரும் வலப்பக்கமேதான் போவாங்க. யாரு திரும்பப் போறா?"

"நான் திரும்புவேன்."

அவள் வரைந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கும் கூடத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியானங்களில் வரைந்தாள். நடப்பது, ஓடுவது, குதிப்பது, விழுவது, அடிபடுவது என்று இடப்பக்கத்துக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் கையில் கொடுத்தாள். அவனும் போட்டுப் பார்த்தான். வாள் படும் இடத்தை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளக்க வேண்டியிருந்தது. மல்சுக் குதித்தால் விக்கல் வந்தவள் மாதிரி நடு வானத்தில் நின்றாள். இப்போதைக்கு இருக்கட்டும் என்று படங்களை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினான். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிற வார்த்தை அது, இப்போதைக்கு. சொன்னதற்கெல்லாம் வெட்கப்பட்டால் யாரும் ஒரு விளையாட்டைக்கூட முடிக்க முடியாது. அது பிழை இல்லை. மறுநாள் அவள் போனில் "போட்டுட்டியாடா?" என்று கேட்டபோது "போட்டாச்சுக்கா" என்றானே, அதுதான் பிழை. அவள் சரிபார்க்கவில்லை. அவன் சொன்னதை அவள் ஏன் சரிபார்க்க வேண்டும்?

மருத்துவமனைக்காரப் பெண் எழுந்து போனதும் சொல்ஹி வந்து உட்கார்ந்தாள். மல்சுக்கை வலப்பக்கம் நடத்தினாள். இடப்பக்கம் திருப்பினாள். மறுபடி வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். சண்டை போடுவாள், மேசையைத் தட்டுவாள், குறைந்தபட்சம் முதுகில் ஒரு அறை வைப்பாள் என்று கிபொம் காத்திருந்தான். பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இரண்டு வருடம் மூத்தவள். 'டேய்' தவிர வேறு பெயரில் அவனைக் கூப்பிட்டதே கிடையாது.

அவள் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள். "கிபொம் சார், நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் மேசையைப் பாத்துக்கறேன்" என்றாள்.

அவன் போய்ச் சாப்பிடவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். பன்னிரண்டு வருடப் பழக்கத்தை ஒரு 'சாரை'ப் போட்டு மூடிவிட்டாள். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட ஒரு வாய் சோறு இறங்கியிருக்கும். மீதி நாள் முழுவதும் அவள் வந்தவர்களிடம் சிரித்துப் பேசினாள், விளம்பரத்தாள் கொடுத்தாள், அவனிடம் "இதைக் கொஞ்சம் பிடிங்க", "நன்றிங்க" என்றாள். கடைசி நாள் அவள் பங்குக்கு ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனாள். மொட்டைமாடிக்கு அதற்கப்புறம் வரவில்லை. 'இதுவரை ஒத்துழைத்தமைக்கு நன்றி' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

அடுத்த இரண்டு மாதம் கிபொம் வேறு எதையும் செய்யவில்லை. ஒவ்வொரு படமாக எடுத்து அளந்து உட்கார வைத்தான். அப்போதுதான் அவற்றை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும். வலப்பக்கம் போகையில் மல்சுக்கின் இடது கை உடம்புக்குப் பின்னால் பாதி மறைந்துவிடும். இடப்பக்கம் திரும்பினால்தான் அந்தக் கை நமக்கு நேரே வரும். குதிப்பதற்கு முன்னால் அவள் வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் இடது சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். உட்கார்ந்தால் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறாள். அம்மாவின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து வரைந்தது. இதையா மூன்று வாரம் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன் என்று அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கடைசிப் படமும் உட்கார்ந்த அன்று அந்த ஒரு வரியை அழித்தான். மனம் லேசாகிவிட்டதுபோல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழச்சாறுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு சொல்ஹி வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் "வாங்க" என்று ஒதுங்கி நின்றாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்தான் அவனைக் காப்பாற்றியது.

"யாரு, கிபொமா? எங்கடா போய்த் தொலஞ்ச? சோறு தின்னியா? எளச்சுப் போயிட்ட!"

அம்மா தரையில் குட்டி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் கண்காட்சியிலிருந்து வந்த அந்த மடிக்கணினி. திரையில் முதல் ஊர். பூதம் வராத ஊர். அம்மாவின் வலது கைவிரல்கள் அம்புக்குறிப் பொத்தான்கள்மேல் இருந்தன.

"தினம் இதான் வேலை" என்றாள் அம்மா. "சண்டையெல்லாம் எனக்கு எதுக்கு? சும்மா நடக்கவிட்டுப் பாப்பேன். எம் பேரு வச்ச கழுதை, நல்லாத்தான் நடக்குறா."

கிபொம் சொல்ஹியைப் பார்த்தான். "அக்கா, எல்லாத்தையும் போட்டுட்டேன். நானூத்திப் பன்னெண்டும். நீ ஒரு தடவை பாரு."

"அம்மாகிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் பேரிக்காயும் கத்தியும் இருந்தன. தோல் சீவவில்லை.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினான். அம்மா மல்சுக்கை நான்கு அடி வலப்பக்கம் நடத்தினாள். பிறகு இடப்பக்கப் பொத்தானை அழுத்தினாள். மல்சுக் திரும்பினாள். இடது கை, முழுதாக, தோளிலிருந்து கீழே தொங்கியது. அம்மா பொத்தானை விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"ஏண்டா, அந்தக் கையில இருந்த வாளு எங்க?"

"அது வலது கையிலம்மா. அந்தப் பக்கமா இருக்கு. இதுதான் சரி. சொல்ஹி அக்கா வரைஞ்சது இதுதான், நான்தான் முன்னால தப்பா..."

"திரும்பினா கை வந்துடும்டா அவளுக்கு" என்றாள் அம்மா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "வலப்பக்கம் போனா வராது. இந்தப் பக்கம் திரும்பினா வந்துடும். அதுக்குத்தானே நான் போறதும் வாறதுமா இருக்கேன்." திரையில் தெரிந்தவளைத் தொட்டுக் காட்டினாள். "இது நான்தாண்டா. என்னைத்தான் தினம் கண்ணாடியில பாக்குறேனே. பழசையே போட்டுக் குடு."

கிபொமுக்குச் சமையலறை வாசலைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. அங்கிருந்துதான் குரல் வந்தது. "அம்மா கேக்குறாங்கல்ல. போட்டுக் குடுங்க."

"பழசு என்கிட்ட இல்லக்கா. அழிச்சிட்டேன்."

"ஒரு வரிதானே சார். எழுதுங்க."

தன் கணினியைத் திறந்தான். சொல்ஹி வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். மொட்டைமாடி அறையில் எத்தனையோ தடவை அப்படி நின்றிருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் எடுத்து ஓரமாக வைத்தான். அந்த வரியை எழுதினான். சின்ன வரிதான், இரண்டு தடவை தப்பாக அடித்தான்.

"அக்கா" என்றான் திரும்பாமல். "அன்னைக்கு நீ கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் அவள். சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

அம்மா மல்சுக்கை இடப்பக்கம் திருப்பினாள். "வந்துருச்சு!" என்று சிரித்தாள். வாள் பிடித்த இடது கையை வீசிக்கொண்டு தபால்காரி வந்த வழியே திரும்பி நடந்தாள்.

முன்பெல்லாம் சொல்ஹி பழத்தைச் சீவச் சீவக் கத்தி நுனியிலேயே அவன் வாய்க்கு நேரே நீட்டுவாள். இப்போது நல்ல தட்டில், ஒரே அளவாக நறுக்கிய துண்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து அவன் முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள். முதல் துண்டில் முள்கரண்டி குத்தியிருந்தது.