கீர்த்திக்கு விழுந்த சீட்டு

எங்கள் தலைமையாசிரியர் டெரிக் சாருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். இரண்டு பேரும் ராயபுரத்தில் பிறந்து, ஒரே மாதா கோயிலில் பூசை கண்டு வளர்ந்தவர்கள்தான். குணம் மட்டும் ஆளுக்கொரு பக்கம்.

எங்கள் பள்ளி இருப்பது திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டி. ஜூன் மாதம் வந்தாலே சேர்க்கைப் பதிவேட்டை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். வருடா வருடம் பிள்ளைகள் குறைகிறார்கள். இப்படியே போனால் ஒரு பிரிவை மூடிவிட்டு எங்களில் ஒருவரை வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் டெரிக் சார் அந்தப் பன்னாட்டுப் பள்ளிக் கூட்டமைப்பைத் தேடிப் பிடித்தார். பல நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து, மண்ணையும் தண்ணீரையும் பின்னால் வருகிறவர்களுக்கும் மிச்சம் வைத்து வாழ்வது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அமைப்பு. ‘நீடித்த நிலையான வளர்ச்சிக்கான கல்வி’ என்று பெயர். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதன் பெயர்ப்பலகை நம் வாசலில் தொங்கினால் நாலு பெற்றோராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று சார் நம்பினார். அவரைத் தப்பு சொல்ல முடியாது.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. அறிவியல் டீச்சர் என்றால் உலகத்தைக் காப்பாற்றுவதும் சிலபஸில் வந்துவிடும் போலிருக்கிறது. கூட்டமைப்பில் சேர்ப்பதற்கு முன் வீடியோவில் ஒரு கூட்டம் நடத்துவார்கள். ஊருக்குப் பொதுவான ஒன்றை உங்கள் மக்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பள்ளிக்கு ஒரு மாணவர் பேச வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் போய்க் கேட்டேன். லாரித் தண்ணீர் என்றான் ஒருவன். அதை நாம் பங்கிடுகிற லட்சணம் ஜப்பான் வரைக்கும் தெரிய வேண்டாம் என்றேன். அப்போது காத்திவாக்கத்துக் கீர்த்தி எழுந்தாள்.

“எங்க ஊர்ல பாடு கீது மிஸ்.”

எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் பிடிக்க அங்குள்ள மீனவர்கள் வைத்திருக்கும் முறை அது. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குத்தான் அன்றைக்கு அந்தத் தண்ணீர்.

“அவருக்கு ஜொரம் வந்துட்டா?” என்று கேட்டாள் ரூபினா. தண்டையார்பேட்டைப் பாத்திரக்கடைக்காரரின் மகள். வகுப்பிலேயே நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவள் அவள்தான்.

“அன்னிக்கு அந்த எடம் சொம்மா கெடக்கும். வேற ஒர்த்தரும் வலை போட மாட்டாங்கோ. போட்டா பேஜாராய்டும்.”

வகுப்புக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இதையே பேசுவது என்று முடிவாயிற்று. யார் பேசுவது என்று கூச்சல் கிளம்பியதும், அதற்கும் சீட்டுப் போடலாம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு டெரிக் சாரும் வந்தார். ஒரு டிபன் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார், போட்டோவுக்கு நின்றார், ஒன்றை எடுத்துப் பிரித்தார். கீர்த்தி என்று இருந்தது. சாரின் சிரிப்பு போட்டோவோடு முடிந்துபோனது.

மறுநாள் கீர்த்தியின் அம்மா இறால் கூடையை வாசலில் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தார்.

“மிஸ், எம்பொண்ணுக்குப் பாடு வுழுந்துச்சாமே? மெய்யா? எங்கூர்ல பொம்பளைங்க பேரைச் சீட்டுல எழுதவே மாட்டாங்க மிஸ். எனுக்குக் கெடையாது, எங்கம்மாவுக்குக் கெடையாது. இவளுக்கு வுழுந்துகீது. தெரு பூரா சொல்லிட்டேன்.”

அது வெறும் பேச்சுப் போட்டி மாதிரிதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

அன்று மாலையே டெரிக் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“ரூபினா பேசட்டுமே கிறிஸ்டினா.”

“சீட்டு கீர்த்திக்கு இல்ல வுழுந்துச்சு?”

“அதுக்கு இங்கிலீஷு வராது. வெளிநாட்டுக்காரன் கேள்வி கேட்டான்னா இன்னா பண்ணும் பாவம்? மாத்திக்கட்டும்மா. எங்கப்பா ஹார்பர்ல எத்தினி தபா ஷிப்டு மாத்திகினு கீறாரு.”

இதுதான் துறைமுகத்துக்காரர் வீட்டுப் புத்தி. கல்யாணம், காய்ச்சல், மாதா தேர் எதுவானாலும் எங்கள் ஆட்கள் ஷிப்டை மாற்றிக்கொள்வார்கள். அது ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி. அதில் பெருமையும் உண்டு. பாடும் அப்படித்தான் என்று மனுஷர் நினைத்துவிட்டார். அது ஷிப்டு இல்லை சார் என்று கத்தினேன். வராந்தாவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

“செக்‌ஷனை மூடுனா மொதல்ல வெளிய போறது நீதாம்மா. நீதான் ஜூனியரு” என்றார் அவர் தணிந்த குரலில். மிரட்டியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் எனக்காகக் கவலைப்பட்டார். அதனால்தான் எரிச்சல் தாங்கவில்லை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் அவரே கீர்த்தியைக் கூப்பிட்டுப் பேசினார். அன்பாகத்தான் பேசியிருப்பார், அவருக்கு வேறு மாதிரி பேச வராது. வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

“வுட்டுக் குட்த்துட்டேன் மிஸ். ஸ்கூலுக்கு நல்லதுன்னாரு சார்.”

“ஒனக்கு?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கொஞ்சம் அழுதிருந்தாலாவது எனக்குத் தேவலாம் என்றிருந்தது. பேச ஒப்புக்கொண்ட ரூபினாவைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் சரியாகப் பேசக்கூட இல்லை.

கூட்டத்தன்று மின்விசிறி மட்டும் உள்ள கம்ப்யூட்டர் அறையில் வகுப்பு முழுவதும் அடைந்து உட்கார்ந்தது. கீர்த்தி கடைசி பெஞ்சில் இருந்தாள். திரையில் ஜப்பானியத் தீவு ஒன்றிலிருந்து ஒரு பள்ளி, கென்யாவிலிருந்து ஒன்று, போர்ச்சுகலிலிருந்து ஒன்று. அந்தப் பிள்ளைகள் காட்டைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேசினார்கள். பிறகு எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னார்கள்.

ரூபினா கேமரா முன்னால் போய் உட்கார்ந்தாள். வணக்கம் சொன்னாள். பாடு என்றால் என்ன என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னாள். டெரிக் சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பார்த்தாயா என்பதுபோல.

“ஒருவருக்கு விழுந்த இடத்தில் இன்னொருவர் வலை போடக் கூடாது. அவர் வராவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும்” என்றாள் ரூபினா. “இங்கே பேசுவதற்கும் நாங்கள் சீட்டுப் போட்டோம். அது கீர்த்திக்கு விழுந்தது. அதனால் இதற்கு மேல் நான் பேச மாட்டேன்.”

எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

திரையில் எங்கள் கட்டத்தில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. மூன்று நாட்டுப் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாருக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. எனக்கு ரூபினாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வகுப்பில் ஒரு தலைகூடத் திரும்பிக் கீர்த்தியைப் பார்க்கவில்லை. அவளை யாரும் நெருக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

டெரிக் சார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். மெதுவாகக் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போனார்.

“தப்பு என்னோடதும்மா. வா. அது ஒன் எடம்.”

“இங்கிலீஷு வராது சார்.”

“ஒனக்கு வர்றதுல பேசு. ரூபினா இங்கிலீஷ்ல சொல்லட்டும்.”

கீர்த்தி வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அப்புறம் வீட்டில் பேசுவதுபோலவே பேச ஆரம்பித்தாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீரில் வந்து சேர்வது, அங்கிருந்தே வெந்நீர் கலப்பது, சேற்றில் கையை விட்டுத் துழாவினாலும் இறால் தட்டுப்படாமல் அவள் அம்மா வெறும் பறியோடு கரையேறுவது, எல்லாம் சொன்னாள். பறி என்றால் இறாலைப் போட்டு வைக்கும் ஓலைப்பை என்று ரூபினா நடுவில் புகுந்து விளக்கினாள்.

ஜப்பான் பள்ளியில் ஒரு பெண் கை தூக்கினாள். உன் அப்பாவுக்குக் கடைசியாக முறை வந்தபோது எவ்வளவு மீன் கிடைத்தது என்று கேட்டாள்.

“ஒண்ணும் வர்ல. பையும் பாட்டிலும்தான் வந்துச்சு.”

அந்தப் பெண் மறுபடி கை தூக்கினாள். மீனே இல்லை என்றால் இன்னும் எதற்குச் சீட்டுப் போடுகிறீர்கள் என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. ரூபினா அதைத் தமிழில் சொன்னாள்.

கீர்த்தி அந்தப் பெண்ணை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“மீனு பூட்ச்சி. நாங்க கீறோம்ல? நாளிக்கு மீனு திரும்பி வந்துச்சுன்னா, அப்போ நாங்க ஒழுங்கா இருக்க வாணாமா?”

ரூபினா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. திரையில் எல்லாரும் காத்திருந்தார்கள். டெரிக் சார் முன்னால் வந்து, கீர்த்தியின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தையையும் விடாமல் அதை இங்கிலீஷில் சொன்னார்.