வெளிப்பூச்சுக்கு மட்டும்

நாய்க்குட்டியின் வயிறு காற்றடித்த பந்துபோல் உப்பியிருந்தது. விலா எலும்புகளையோ உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். காலையில் அது எடுத்த வாந்தியில் வெள்ளை நூலாகப் பூச்சிகள் நெளிந்ததைப் பார்த்ததும் கொத்தனார் மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டார்.

ஒரு நாய்க்குட்டிக்கா இந்தப் பாடு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஆறு மாதத்துக்கு முன் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே, அவர் வேலைக்குப் போயிருந்தபோது அவள் மடியிலேயே போனபிறகு, அவர் மனைவி முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். மணல் குவியலுக்குப் பின்னால் கிடந்த இந்தக் குட்டியை அவர் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த அன்றுதான் எழுந்து பால் காய்ச்சினாள். பொட்டலம் என்று பெயரும் வைத்தாள். பொட்டலத்துக்கு ஏதாவது ஆனால் அவள் மறுபடி படுத்துவிடுவாள், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள் என்று அவர் பயந்து செத்தார்.

கால்நடை டாக்டர் குட்டியைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோகூட முழுசாக இல்லை. மாத்திரை மலிவுதான், ஆனால் அது பெரிய நாய்க்கானது, உடைத்துக் கொடுத்தால் அளவு தப்பும். இந்த வயசுக்கு சிரப்தான், இன்று ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை என்று நிதானமாகச் சொல்லிச் சீட்டெழுதினார். மருந்துக்கடையில் விலையைக் கேட்ட கொத்தனார் பையைத் துழாவினார். பையில் இருந்தது அதில் பாதி. மூன்று வாரமாக வேலை இல்லை. மேஸ்திரியோ, இவர் பாக்கிக் கூலியைக் கேட்டுவிடுவாரென்று போனையே எடுப்பதில்லை.

மனைவியையும் குட்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாலு தெரு தள்ளி இருந்த தீவனக் கடைக்குப் போனார். சீட்டைக் காட்டினால் இங்கேயும் அதே விலைதான் சொல்வார்கள் என்று அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். மனுஷனின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! "நாய்க்குட்டிக்குப் பூச்சி மருந்து" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு சின்னப் புட்டியை எடுத்து வைத்தார். விலை மூன்றில் ஒரு பங்கு. பொடி எழுத்தில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தது. பூச்சியையே நினைத்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது பூச்சி என்றுதான் பட்டது. வயிற்றுப் பூச்சியை வெளியே தள்ளுகிற மருந்து, வேறென்ன? மீதிக் காசுக்குப் பாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி குட்டியின் வாயைத் திறந்து பிடித்தாள். சீட்டில் எழுதியிருந்தபடி அவர் அளந்து இரண்டு மில்லி ஊற்றினார்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குட்டிக்கு எச்சில் கோடாக வழிந்தது, பின்னங்கால்கள் விலகிச் சரிந்தன. அளவு தப்பிவிட்டதோ என்று புட்டியைத் திருப்பி, இந்தமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பூச்சி இல்லை, பூச்சு. உடம்பில் ஊர்கிற உண்ணிக்கு மேலே தடவுகிற மருந்து. இருபது வருஷமாகச் சுவருக்கு உள்பூச்சும் வெளிப்பூச்சும் பூசிச் சோறு தின்றவருக்கு அந்த ஒரு சொல் கண்ணில் படவில்லையே, பாவி! புட்டியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, குட்டியை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். மனைவி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடிவந்தாள்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் சார் குடுத்தோம்" என்றாள் அவள்.

கொத்தனார் சட்டைப்பையிலிருந்த புட்டியைக் கையால் மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவள் முகம் என்னவாகும் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. சிலதுக்கு அந்த சிரப் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அதற்கான மருந்தை ஊசியில் ஏற்றினார். ஊசிமுனை குட்டியின் தோலைத் தொடப்போனது.

"சார், இருங்க." கொத்தனார் புட்டியை மேஜைமேல் வைத்தார். "அது வாங்கல சார். காசு பத்தல. இதைத்தான் ஊத்துனேன்."

டாக்டர் திட்டவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்து வேறு மருந்தை எடுத்துப் போட்டார். சாயங்காலம் வரை தாங்கினால் பிழைக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போனார்.

மனைவி புட்டியை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். கொத்தனார் காத்திருந்தார். அடிக்கட்டும், காறித் துப்பட்டும், ஊரைக் கூட்டட்டும். எதுவானாலும் சரி, அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

"வாயைத் தொறந்து புடிச்சது நான்தானே" என்றாள் அவள்.

"இல்ல. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான்... என்னைத் திட்டு. வாய்விட்டுத் திட்டு."

அவள் திட்டவில்லை. அவருடைய சிமெண்ட் தின்ற கையைப் பிடித்து இழுத்துக் குட்டியின் நெஞ்சில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.

"கையை எடுக்காதீங்க. துடிக்குதா இல்லையான்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருங்க. இந்தத் தடவை என்னால தனியாப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"துடிக்குது" என்றார் அவர்.