கட்டிங் மாஸ்டரின் காய்ச்சல்

“அதான் கேக்கறோம், அந்த ஒருத்தர் யாரு?”

“யாருன்னு முன்கூட்டியே சொல்ல முடியாதுக்கா. பத்துப் பேருக்கு ஊசி போட்டா, ஒருத்தருக்கு லேசா காய்ச்சல் வரலாம். அதுவும் வரலாம்தான், வந்தே ஆகணும்னு இல்ல.”

“இங்க சரியா பத்துப் பேருதானே இருக்கோம்!” என்றாள் சட்டைகளின் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவள்.

தையல் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு மெஷின்களும் நின்றுபோயின.

சளிக்காய்ச்சல் தடுப்பூசிப் பெட்டியோடு வந்திருந்த நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். வேறு இடமாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பாள். இங்கே முடியாது. ஜன்னலோர மெஷினில், பாதி தைத்த காலரோடு உட்கார்ந்திருந்தது அவளுடைய அண்ணி. போன குளிர்காலத்தில் அந்தச் சளிக்காய்ச்சல் அண்ணியின் நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரிக் கட்டில் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனாலும், எல்லாரும் போட்டால்தான் நானும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நர்ஸ் வேறு வழியில் போய்ப் பார்த்தாள். “மெஷின்ல ஊசி உடையுதில்ல? எந்தத் துணில உடையும்னு முன்னாடியே தெரியுமா?”

“தெரியுமே! தடிச்ச துணில.”

சொல்லிவிட்டு எல்லாத் தலைகளும் வெட்டு மேஜைப் பக்கம் திரும்பின. அங்கே நின்ற கட்டிங் மாஸ்டர் மேஜையைவிடக் கொஞ்சம் அகலம்.

“என்னை எதுக்கும்மா பார்க்கறீங்க?”

“காய்ச்சல் வர்றவங்களுக்குச் சம்பளத்தோட லீவுன்னு முதலாளி சொல்லியிருக்காரு மாஸ்டர்” என்று காஜாக்காரி தூண்டிலைப் போட்டாள்.

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். “சரி விடுங்க. உங்க எல்லாருக்காகவும் அந்த ஒருத்தனா நானே இருந்துட்டுப் போறேன்.”

கூடமே கைதட்டியது.

காய்ச்சலுக்கெல்லாம் ஆள் நியமிக்க முடியாது என்று சொல்ல நர்ஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். நர்ஸ் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, பஞ்சை எடுத்தாள்.

மறுநாள் காலை அண்ணியிடமிருந்து போன்.

“உடம்பு லேசா சுடுது.”

“பயப்படாதீங்க அண்ணி. நாளைக்குள்ள தானா சரியாயிடும்.”

“பயமெல்லாம் இல்லம்மா. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? மாஸ்டர் லீவு போட்டுட்டு வீட்ல கால் மேல கால் போட்டுப் படம் பார்க்கறாராம். உடம்பு கல்லு மாதிரி இருக்காம்.”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணி, நான் நேத்தே சொல்லியிருக்கணும்...” என்று ஆரம்பித்தாள்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவருக்குன்னு பேசி வச்ச காய்ச்சல் விலாசம் தப்பி என்கிட்ட வந்திருக்கு. ஊசி போட்டவ நீதானே? நீயே ஏதாவது பண்ணி, இதை அவருக்கு மாத்தி விட்டுடு கண்ணு.”