கை – ஒன்று, துப்பாக்கி – ஒன்று

கண்ணாடிக் கடைக்காரியின் வலது கை விமானத்தின் அடிவயிற்றில், பூட்டிய பெட்டிக்குள் பயணம் செய்தது. மீதி ஆள் மேலே ஜன்னலோரம் உட்கார்ந்து, கொடுத்த ஜூஸை இடது கையால் குடித்தாள். சில வருடங்கள் அவள் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு இப்படித்தான் போய் வந்தாள். காகிதத்தில் அப்படி எழுதியிருந்ததால் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் ஒரு ஒற்றெழுத்தால் வந்தது. அவளுடைய நாட்டில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது. விளையாட்டுத் துப்பாக்கியைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் வாங்கி, காவல்துறைக் கிடங்கில் பூட்டி, பயிற்சிக்கும் பயணத்துக்கும் மட்டும் கேட்டு எடுக்க வேண்டும். அவளுடைய உரிமத்தில் 'கைத்துப்பாக்கி – ஒன்று' என்று அடிக்க வேண்டிய தட்டச்சர், சொல் கட்டத்துக்குள் அடங்காததால் 'கைத்' என்பதோடு வரியை உடைத்தார். அவருக்கு மேலே இருந்த கண்காணிப்பாளர் தன்னை இலக்கணப் புலி என்று நினைத்துக்கொண்டிருந்தவர். வரிக் கடைசியில் ஒற்று தொங்குவதைக் கண்டு முகம் சுளித்து, சிவப்பு மையால் அந்த 'த்'தை அடித்தார். திருத்தி வந்த பிரதியில், இரண்டு வரியும் இரண்டு பொருளாகி, 'கை – ஒன்று, துப்பாக்கி – ஒன்று' என்று இருந்தது. திருப்தியோடு முத்திரை குத்தினார். அதே நேரத்தில் கடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய வலது கை, மணிக்கட்டோடு கழன்று மேசைமேல் விழுந்தது. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. கூட வேலை செய்த அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஸ்க்ரூ லூசாயிடுச்சுன்னு நெனச்சேன். இதுல மரையே இல்லையே."

அன்று முதல் கையும் கிடங்கில், துப்பாக்கிக்குப் பக்கத்துத் தட்டில், அட்டை கட்டி வைக்கப்பட்டது. பயிற்சிக்குப் போனால் அவளோடு ஒட்டிக்கொள்ளும், அனுமதி நேரம் முடிந்ததும் தானாகக் கழன்றுவிடும். அந்த அலுவலகத்தில் நேரம் தவறாமல் நடந்துகொண்டது அது ஒன்றுதான். விமான நிலையங்களில் கையால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. அதிகாரிகள் பெட்டியைத் திறப்பார்கள், காகிதத்தைப் பார்ப்பார்கள், விரல்களை எண்ணுவார்கள், தலையாட்டுவார்கள். துப்பாக்கிப் பிடியைச் சரிசெய்ய அவள் வைத்திருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கண்டால்தான் அவர்களுக்கு வியர்க்கும். "கை பேப்பர்ல இருக்கு மேடம். இது எங்க இருக்கு?" என்று பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

பிழையைத் திருத்தச் சொல்லிக் கண்காணிப்பாளரிடம் கேட்டும் பார்த்தாள். ஒற்றைத் திரும்பச் சேர்த்தால் கை உரிமம் இல்லாத பொருளாகிவிடும், உரிமம் இல்லாததை உலையில் போட்டு உருக்குவதுதான் விதி என்று அவர் விளக்கினார். வேறு வழியே இல்லையா என்றாள்.

"பழுதாயிடுச்சுன்னா திருப்பிக் குடுத்துடுவோம். சுட முடியாததை வச்சு நாங்க என்ன பண்றது?" என்றவர், தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

பழுதான கையை வைத்து அவளும் என்ன பண்ணுவாள்? உலக இறுதிப் போட்டியில் ஒருமுறை சுட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதுவரைக்கும் அண்ணி தலை பின்னிவிட்டாள், சட்டைப் பொத்தானைப் பல்லால் போட்டுக்கொண்டாள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செயலாளருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். கோடை வெயிலிலும் மார்பில் சின்னம் குத்திய கோட்டைக் கழற்றமாட்டார். எந்தத் துப்பாக்கியையும் சுட்டதில்லை. ஓட்டல்களில் வைக்கும் சோப்புகளைச் சுட்டதுண்டு. 'அணி மேலாளர்' என்ற பட்டத்தோடு அவருடைய மச்சானும் ஊர் ஊராக வருவான். காலை உணவு எத்தனை மணிவரை கிடைக்கும் என்று விசாரிப்பது அவன் பொறுப்பு.

இறுதிப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பந்தயம் வேறொரு நாட்டில் நடந்தது. அங்கே குடியேற்றப் பிரிவில் வலது கை ரேகை கேட்டார்கள். வலது கை பெட்டியில் இருந்தது. பெட்டி ஆயுதக் காவலோடு வேறு வாசல் வழியாக மைதானத்துக்கே போய்விட்டது. ரேகை இல்லாமல் ஆளை உள்ளே விடமாட்டார்கள், ஆள் வராமல் ரேகையைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மைதானத்தில் நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரே கையால்தான் சுட வேண்டும் என்று இருந்தது. மற்ற உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனவே கையை அனுமதித்தார்கள். அது தோள் உயரத்தில் காற்றில் நின்று சுட்டு, முதலிடம் பிடித்தது. பதக்கத்தைப் போடக் கழுத்து இல்லாததால் கட்டைவிரலில் மாட்டினார்கள். கோட்டுக்காரர் அந்தக் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவளோ அந்நேரம் முழுக்க மூச்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். காவலர் ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுப் போனார். ஒவ்வொரு குண்டும் அவள் மூச்சை நிறுத்திய நொடியில்தான் கிளம்பியது. அது அவளுக்குத் தெரியும். ஊர் திரும்பியதும் அண்ணனிடம் மட்டும் சொன்னாள்.

இறுதிப் போட்டிக்கு டிக்கெட் கேட்கச் சங்கத்துக்குப் போனாள்.

"கைக்குத்தானேம்மா தகுதி கெடச்சிருக்கு? உனக்கு எதுக்கு டிக்கெட்?" என்றார் கோட்டுக்காரர்.

மச்சானுக்கும் ஒரு மச்சான் இருந்தான். ஜன்னலோர இருக்கை அவனுக்குப் போயிற்று.

போட்டி நாளன்று அண்ணன் கடையில் டிவியைப் போட்டான். கை துப்பாக்கியை உயர்த்தி நின்றது. "மூச்சப் பிடி," என்றான். அவள் ஒரு லென்ஸை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கப் போறதில்ல. பழுதாகட்டும்."

"அப்ப மெடலு?"

"அவர் கோட்டுல குத்திக்க ஒண்ணு குறையும்."

நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே அடுத்த லென்ஸை எடுத்தாள். திரையில் கை தாழ்ந்தது. குண்டுகளை நீக்கி, விதிப்படி துப்பாக்கியை மேசைமேல் வைத்தது. பிறகு விருந்தினர் வரிசைப் பக்கம் திரும்பி, சுட்டுவிரலை நீட்டிக் கோட்டுக்காரரைக் காட்டியது. அவர் இடம் மாறி உட்கார்ந்தார். விரலும் மாறியது. கேமராக்கள் விரலோடு போயின. மச்சான்கள் இருவரும் அவரை முன்பின் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள்.

ஊருக்கு வந்த கையைக் கிடங்கில் சோதித்தார்கள். விரல் விசையில் மடங்கவில்லை. கண்காணிப்பாளர் 'பழுது' என்று எழுதி, எங்காவது ஒற்று தொங்குகிறதா என்று சரிபார்த்துவிட்டு, காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். துப்பாக்கி இன்னும் அங்கேதான், எண்ணெய் மினுமினுப்போடு இருக்கிறது. உரிமத்தில் இருந்த கை போய்விட்டதால், அதை வைத்துச் சுட யாருக்கும் உரிமம் இல்லை.

கை அவளுடைய மணிக்கட்டில் சரியாக உட்கார்ந்துகொண்டது. ஸ்க்ரூ முடுக்குகிறது, தலை பின்னுகிறது, விரல்கள் எல்லாம் மடங்குகின்றன. கோட்டுக்காரர் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் சுட்டுவிரல் தானாக நிமிர்ந்து, அவர் போகிற திசைக்கெல்லாம் திரும்புகிறது. கடைத்தெருக்காரர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல அந்த விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள்.