ஓடையில் விட்ட ஆரஞ்சுகள்

நீரியல் பாடத்தில் வில்டர் ஒரெயானா இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் கோச்சபம்பாக் கல்லூரியில் அவனுக்கு இடமில்லை. ஆகவே தனியாள் ஆய்வுக்குச் சீட்டு எடுக்கும் அன்றாவது நேரத்துக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான். பேருந்துதான் அப்படி முடிவு செய்யவில்லை. மலைச்சுனை, ஏரி, அணை எல்லாம் மற்றவர்கள் கைக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த ஒரே சீட்டில் இறைச்சிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை இருந்தது.

ஓடை என்பது மரியாதைக்காகச் சொல்வது. சாம்பல் நிறக் கொழுப்பு மேலே ஆடை கட்டியிருக்கும். அதில் ரோமம், குடல் துண்டு, ஒருநாள் முழுசாக ஒரு மாட்டுக் காது. நாற்றம் மூக்கோடு நிற்காது. நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வேலை என்னவோ எளிது. இருபது மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, ஓர் ஆரஞ்சைத் தண்ணீரில் விட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பாதி முழுகி மிதக்கும் பழம் என்பதால் காற்றுக்கு அலையாது. தினம் காலையில் ஐந்து முறை. குழம்பாமலிருக்கத் தோலில் பேனாவால் ஒன்று முதல் ஐந்து வரை எழுதினான். போன பழத்தை எடுத்து மறுபடி விடலாம் என்றது பாடப்புத்தகம். அதை எழுதியவர் இந்த ஓடையில் கை விட்டதில்லை. வில்டர் ஐந்தையும் போகவிட்டான். பிறகு வாய் நாற்றம் போக, கீழே பாலத்தருகே தோன்யா எர்மீனியாவின் தள்ளுவண்டியில் ஆரஞ்சுச் சாறு குடிப்பான்.

வியாழக்கிழமை மட்டும் கணக்கு உதைத்தது. மழையே இல்லை, தண்ணீர் இரண்டு மடங்கு வேகம். நோட்டைப் பார்த்த பேராசிரியர், பொறியாளர் செந்தேனோ, கண்ணாடியைக் கழற்றினார்.

“வானம் காஞ்சு கெடக்கு. இந்த வெள்ளம் எங்கேர்ந்து வந்துச்சு, உன் படுக்கையிலேர்ந்தா?”

“நெசமாவே வந்துச்சு இன்ஹே.” பொறியாளரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வர்ற வியாழன் நானே வர்றேன். வெள்ளம் வரலன்னா பையைத் தூக்கிட்டுக் கெளம்பிடு.”

புதன்கிழமை சாற்றைப் பாதி குடித்தபோதுதான் வண்டிக்குப் பின்னால் பார்த்தான். பிழிந்து போட்ட தோல் ஒன்றில் 4 என்று எழுதியிருந்தது. அந்தக் கோணல் வால் அவனுடையது. பக்கத்தில் நீளக் கழியில் கட்டிய வலை, இன்னும் சொட்டிக்கொண்டு.

ஒரு வாரத்துச் சாறும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“என்ன கசேரோ, ஒடம்புக்கு என்ன?” வாடிக்கைக்காரர் எல்லாருமே அவளுக்குக் கசேரோதான்.

“தோன்யா, இது என் பழம்.”

“தெரியுமே. மாதாவுக்கு வேண்டுதல்னு நெனச்சேன். எண்ணி அஞ்சு விடுற, கடிகாரத்தப் பாக்குற, முணுமுணுக்குற. வேண்டுதல வாய்விட்டுக் கேக்கக் கூடாதில்ல? பாவம், என்ன கஷ்டமோன்னு உனக்குக் கொசுறுகூட ரெண்டு மடங்கு ஊத்துனேன்.”

“கழுவவாவது செஞ்சீங்களா?”

“ரெண்டு தண்ணி. தோலு பின்ன எதுக்கு இருக்கு? சரி, என்ன வேண்டுதல்?”

“பாஸாகணும்.”

“அப்ப நான் நெனச்சது சரிதான். போன வியாழன்தான் ரெண்டு பழம் தப்பிடுச்சு. எறைச்சிக்கூடத்துல தொட்டியத் தொறந்து கழுவுற நாளாச்சா, தண்ணி பறக்குது.”

திட்டலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அவனைக் கரையேற்றும் விளக்கத்தை அவள்தான் கொடுத்திருந்தாள்.

வியாழன் காலை செந்தேனோ மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். ஒன்பது மணிக்கு இரைச்சல் கேட்டது. சிவப்பு நுரை பொங்கி வந்து ஆரஞ்சுகளை அடித்துக்கொண்டு போனது. அவரே நேரம் பார்த்தார். நோட்டில் இருந்த அதே எண்.

“எழுபது போடலாம்னு இருக்கேன்டா. வா, தொண்டையெல்லாம் நாறுது. ஒரு ஜூஸ் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன்.”

போட்டுவிட்டுக் குடிக்கக் கூடாதா என்றிருந்தது வில்டருக்கு. அதற்குள் தோன்யா எர்மீனியா நீட்டிய கிளாஸை அவர் வாயில் வைத்துவிட்டார். இப்போது சொன்னால் எழுபது போகும். மூன்றாவது முறையும் போகலாம். கையெழுத்துக்குப் பிறகு சொன்னால் சாறு போயிருக்கும், வயிற்றுக்குள். அவர் தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. பார்க்கச் சகிக்கவில்லை.

“இன்ஹே, குடிக்காதீங்க.” எல்லாவற்றையும் சொன்னான்.

செந்தேனோ கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இப்ப விட்டதா இது?”

“சேச்சே, நேத்துப் புடிச்சது. இன்னைக்குள்ளத இன்னும் கழுவவேயில்ல,” என்றாள் தோன்யா எர்மீனியா, பெருமையாக.

அவர் பாலத்துச் சுவரோரம் போய்க் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். திரும்பி வந்து, வாயைத் துடைத்து, நோட்டில் எழுதினார்: ஐம்பத்தொன்று. தேற அதுதான் எல்லைக்கோடு.

“எழுபதுன்னீங்களே இன்ஹே.”

“மிச்சப் பத்தொம்போதும், நான் பாதிக் கிளாஸ் குடிக்கிற வரைக்கும் நீ யோசிச்சதுக்கு.”