கமலக்கண்ணன் சொன்ன ஓட்டல்

மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் முனிராஜ் என்னைப் பிடித்துக்கொண்டார். என் கணவரோடு பழைய கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். அவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு நான் பார்த்ததே இல்லை.

“ஏம்மா ரஞ்சிதா, உன் வூட்டுக்காரருக்கு என் மேல என்னாம்மா கோவம்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

“பொண்ணுக்குப் பட்டு எடுக்கறதுக்கு மாப்ள வூட்டாரக் கூட்டிகினு ஞாயித்துக்கெழம பெங்களூர் போனோம். எவ்ளோ ஓட்டல் கண்ணுல பட்டுது! கமலக்கண்ணன் சொன்ன எடத்துக்குத்தான் போவணும்னு எல்லாரையும் இழுத்துகினு கலாசிபாளையம் போனேன். சாம்பார் புளிச்சுப்போய் நாறுது. கேட்டா அடிக்க வர்றான். மாப்ளையோட அம்மா எலைய மூடிட்டு எழுந்துட்டாங்க. ‘யாருங்க அந்தக் கமலக்கண்ணன், அவரு நாக்கைக் கொஞ்சம் பாக்கணுமே’ன்னு கேக்கறாங்க. நான் எங்கம்மா மூஞ்சி வச்சிக்கறது?”

“அவுக எப்பச் சொன்னாக?”

“அன்னிக்கே, காலையில போன் போட்டேனே.”

“அவுக தவறிப் பத்து மாசமாச்சுண்ணே.”

முனிராஜ் செல்போனை எடுத்துத் தேய்த்து என் முன்னால் நீட்டினார். பழைய கம்பெனியில் அவர் இருந்த பிரிவையும் சேர்த்து ‘கமலக்கண்ணன் கேஸ்டிங்’ என்று இருந்தது. கீழே என் கணவரின் எண். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசியிருக்கிறார்.

“அப்ப என்கிட்ட பேசுனது யாரும்மா?” என்றார். உடனே அவரே, “அதான் பாத்தேன். எப்பவும் ஆயிரம் கேள்வி கேப்பாரு. இந்த வாட்டி எடத்தச் சொல்லிட்டு டப்புனு வச்சுட்டாரு. ஷிப்ட்ல இருக்கறாருன்னு நெனச்சேன்” என்றார். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. ஆனால் அந்தச் சம்பந்தியம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? அவர்கள் வீட்டில் என் கணவர் இனிமேல் நாக்குச் செத்த மனிதர்தான்.

ஆயிரம் கேள்வி என்று முனிராஜ் சொன்னது உண்மை. பெங்களூரில் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் என் கணவர் உடனே ஓட்டல் பெயரைச் சொல்லமாட்டார். கூட யார் வருகிறார்கள், பசிக்கிற நேரத்தில் எந்தப் பக்கம் இருப்பீர்கள், சாம்பாரில் வெல்லம் இருந்தால் முகம் சுளிக்கிறவர் யாராவது உண்டா என்று கேட்பார். “அந்தக் கடையில் கை கழுவுகிற இடம் மாடியில். உங்க அப்பாவுக்கு முட்டி வலி, வேண்டாம்” என்பார். தட்டு இட்லி நன்றாக இருக்கும் கடையைச் சொல்லிவிட்டு, மதியம் போனால் காய்ந்திருக்கும் என்றும் சொல்வார். கூட்டத்தில் ஒரு தடவை, கூட்டமில்லாதபோது ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கடையையும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வந்து கேன்டீன் சோற்றில் நொந்துபோனவர் என்பதால் வந்த பழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் பஸ் ஏறிவிடுவோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், துணி எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் சிப்காட்டில் அவர் எண்ணைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது ஷிப்ட் முடிந்து செருப்பைக் கழற்றும்போது. காரியத்தன்றுகூட மெஜஸ்டிக் பக்கத்தில் மட்டன் எங்கே நன்றாக இருக்கும் என்று அவர் போனில் ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் போனுக்கு நான் ரீசார்ஜ் செய்யவில்லை. அப்படி விட்டால் எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. முனிராஜைப் பார்த்துவிட்டுப் போன் கடையில் விசாரித்தபோது அங்கிருந்த பெண், “போன நம்பரு போனதுதான்க்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

அன்றே அந்த எண்ணுக்குப் போட்டேன். ஆடுகள் கத்தும் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல், ஹலோகூடச் சொல்லாமல், “பெங்களூர்ல எங்க சாப்புடறது, அதான? கலாசிபாளையம், பச்ச போர்டு. வையி” என்றது.

மூன்று தடவை போட்டுத்தான் நான் யாரென்றும் அவர் நெஞ்சுவலியில் தவறிவிட்டார் என்றும் சொல்ல முடிந்தது. பெயர் கங்கப்பன், ஆட்டு வியாபாரி. காதில் ஒன்றும் விழவில்லை, பேச வேண்டுமென்றால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வா என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கயிற்றில் ஏழெட்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடமோ தெலுங்கில் விலை பேசிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்து சண்டையை ஆரம்பித்தார்.

“உன் வூட்டுக்காரரு என்னாம்மா, ஊருக்கெல்லாம் ஓட்டல் வச்சுக் குடுத்தாரா? வெடிஞ்சா போனு. ஆடு வாங்கறவன் கூப்புடறான்னு எடுத்தா, பிரியாணி எங்க கெடைக்கும்னு கேக்கறான். நான் விக்கறது உசுரோட இருக்கற ஆடும்மா!”

“ராங் நம்பர்னு சொல்ல வேண்டியதுதானண்ணே.”

“சொன்னேன். திருப்பிப் போடறாங்க. இப்ப எடத்தச் சொன்னா ஒடனே வச்சுடறாங்க.”

“நீங்க அந்த ஓட்டல்ல சாப்பிட்டிருக்கீகளா?”

“நானா? லோடு எறக்கப் போனப்ப போர்டப் பாத்தேன். நான் சாப்புடறது தூக்குல கொண்டுபோற களி.”

“போர்டப் பாத்துட்டு அவுக பேர்ல சனங்கள அனுப்புவீகளா? ஒரு கல்யாணத்துச் சம்பந்தம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது. திட்டு யாருக்கு? செத்துப்போனவுகளுக்கு!”

“நான் எங்கம்மா அவரு பேரச் சொன்னேன்? அவங்களா நெனச்சிக்கறாங்க.” அவரும் குரலை உயர்த்தினார். ஆனால் முகம் கொஞ்சம் இறங்கிவிட்டது. “நம்பர மாத்திக்கச் சொல்லாத. கெலவரப்பள்ளி வரைக்கும் என் ஏவாரம் இதுலதான் ஓடுது.”

“மாத்த வேணாம். அவுக இல்லைன்னு சொல்லுங்க. ஓட்டல் எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க.”

“நீயே சொல்லிப் பாரு” என்று, அப்போது அடித்த போனை என் கையில் திணித்தார்.

ஓர் இளைஞனின் குரல். அம்மாவுக்கு ஜெயநகரில் கண் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, காரமில்லாமல் ஏதாவது வேண்டும், அண்ணன் இருக்கிறாரா என்றான். அவர் காலமாகிவிட்டார், நான் அவர் மனைவி என்றேன். அவன், “அய்யோ அக்கா” என்றான். மெய்யாகவே வருந்தினான். பிறகு தயங்கி, “ஞாயித்துக்கெழமன்னா நீங்களும்தான் கூடப் போவீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருந்தா சொல்லுங்கக்கா” என்றான்.

ஜெயநகரில் நாங்கள் மூன்றோ நான்கோ கடையில் சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றில் பிசிபேளேபாத் மேல் காராபூந்தி தூவுவார்கள். ஒன்றில் மோர் இன்னொரு தம்ளர் கேட்டால் காசு வாங்கமாட்டார்கள். ருசியெல்லாம் நாக்கில் இருக்கிறது. தெரு? பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்புவோம்? அவர் முன்னால் போவார், நான் ஜவுளிக்கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். எந்தக் கடையின் போர்டையும் நான் படித்ததில்லை. அவர் இருக்கும்போது நான் எதற்குப் படிக்க வேண்டும்?

“எனக்குத் தெரியாதுப்பா.”

“காரமில்லாம இருந்தாப் போதும்க்கா.”

“சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சா சொல்லமாட்டேனா?”

“சொல்ல இஷ்டம் இல்லன்னா விடுங்கக்கா” என்று வைத்துவிட்டான்.

கங்கப்பன், “பாத்தியா? தெரியாதுன்னா எவனும் நம்பறதில்ல” என்றார்.

“நம்பாட்டிப் போகட்டும். வாயில வந்த எடத்தச் சொல்லாதீக.”

“உன்னையத் தப்பா நெனப்பாங்களேம்மா.”

“என்னைய நெனச்சுக்கட்டும்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்பதுபோலக் கையை அசைத்தார். இந்த வாக்கை நம்பிப் போவதா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த அழைப்பு வரட்டும் என்று வெயிலில் நின்றேன். இரண்டு பேர் ஆடு கேட்டார்கள். மூன்றாவது அழைப்பை எடுத்ததும் கங்கப்பன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“அவரு தவறிட்டாருங்க... ஆமா, நெஞ்சுவலின்னு சொல்றாங்க... இல்ல, நான் ஆட்டு ஏவாரி, எனக்கு ஓட்டல் தெரியாது.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “அவரு சம்சாரம் இங்கதான் நிக்கறாங்க. அவங்களுக்கும் தெரியாதாம்.”

சரிதானே என்று புருவத்தைத் தூக்கினார். நான் தலையாட்டினேன்.