ஐந்தாவது தோட்டா

பழைய தோட்டாப் பெட்டியை எடுத்துப்போகத்தான் ஆர்டல் ஸ்கோகன் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். காட்டன் கிரீக் ஊர் மண்டபத்தில் காலையிலிருந்து துப்பாக்கிக் கண்காட்சி. ஒன்றரை மணிக்குப் போட்டி: துளியும் மாற்றாமல், செய்தபோது இருந்தபடியே இருக்கும் பழைய லீவர் துப்பாக்கி எது என்று. அவருடைய 1897ஆம் வருஷத்து வேட்டைத் துப்பாக்கி அங்கே மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் அதே காலத்துப் பெட்டியும் இருந்துவிட்டால் பரிசு கைக்குள் வந்த மாதிரிதான்.

பெட்டியைத் திறந்தார். நான்கு தோட்டாக்கள் இருந்தன. ஐந்து இருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் லீவர் வழவழவென்று ஓடுகிறதா என்று பார்க்க ஐந்தையும் உள்ளே போட்டிருந்தார். இந்த வகையில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். அடியில் கைப்பிடி போல இருக்கும் லீவரை அசைக்க அசைக்க, ஸ்பிரிங் தள்ளி ஒவ்வொன்றாக வெளியே வரும். வருவது நின்றதும் காலி என்று வைத்துவிட்டார். எண்ணவில்லை.

மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார். பெருக்கி ஒதுக்கிய குப்பையைக்கூடக் கிளறினார். பிறகுதான் குழாயின் நடுவில் இருக்கும் அந்த நசுங்கல் நினைவுக்கு வந்தது.

அந்த நசுங்கலையும் கிழட்டு ஸ்பிரிங்கையும் பற்றி மனைவி லுவான் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

"அதை மாத்தித் தொலையேன். உள்ளுக்குள்ள ஏதாவது சிக்கிக்கிட்டா?"

"மாத்திட்டா அது வேற துப்பாக்கி, லுவான். அதோடவே பொறந்த ஸ்பிரிங் அது."

"உன்னோட பொறந்த பல்லு இப்ப எங்க இருக்கு? டம்ளர் தண்ணியிலதானே!"

நெஞ்சில் குத்தியிருந்த மஞ்சள் பேட்ஜ் வேறு உறுத்தியது. பத்தொன்பது வருஷமாக மண்டப வாசலில் வருகிற துப்பாக்கிகளையெல்லாம் சோதித்து, லீவரில் பட்டை கட்டி உள்ளே அனுப்புகிறவர் அவர். போன வருஷம் குழாயில் ஒரு தோட்டா இருந்ததற்காக ஒரு பழைய சிநேகிதனை எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்தவர். இன்று காலை தன் துப்பாக்கிக்கு மட்டும் பார்க்காமலே பட்டை கட்டினார்.

போனைக் கையில் எடுத்தார். மணி பன்னிரண்டே முக்கால் ஆகியிருந்தது. நடுவர் தெல்மாவைக் கூப்பிட்டால் சபையில் மானம் போகும். மண்டபத்தில் பலகாரம் பரிமாறிக்கொண்டிருக்கும் லுவானைக் கூப்பிட்டாலோ, நான் அப்பவே சொன்னேனே என்பாள், அதுவும் சாகிற வரைக்கும். ஒன்றரைக்குத்தானே போட்டி, அதற்குள் நாமே போய் யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மைல் கப்பிச் சாலை. முன்னால் மாடு ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு ஊர்ந்தது. ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. பட்டையை வெட்டாமல் யாரும் லீவரைத் தொட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போட்டிக்குப் பட்டையை வெட்டுவார்கள் என்பதும் தெரியும். சட்டைப்பையில் போன் நெருப்பாய்ச் சுட்டது. ஆனாலும் எடுக்கவில்லை.

மண்டபத்துக்குள் ஓடினார். போட்டியை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். வெட்டிய மஞ்சள் பட்டை மேசைமேல் கிடந்தது. தெல்மா அவருடைய துப்பாக்கியை, முறைப்படி, வாயை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வாய்யா மாப்பிள்ளை! உனக்காகத்தான் நிக்கிறோம். லீவர் வெண்ணெய் மாதிரி போகுதுய்யா, மூணு தடவை இழுத்துப் பார்த்தேன். விசையையும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கட்டுமா?"

காலித் துப்பாக்கியின் விசையை இழுத்தால் உள்ளே இருக்கும் பழைய ஊசி ஒடிந்துபோகலாம். அதனால் சொந்தக்காரரைக் கேட்காமல் யாரும் இழுப்பதில்லை. அந்த ஒரு மரியாதைக்காகத்தான் தெல்மாவின் விரல் விசைக்கு வெளியே காத்திருந்தது.

"தொடாதே!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆர்டல் துப்பாக்கியை வாங்கி, வாய் மேலே பார்த்தபடியே இருக்க, லீவரை மெல்லத் திறந்தார். பித்தளை மினுங்கியது. ஐந்தாவது தோட்டா குழாயில் இல்லை. தெல்மாவின் கடைசி இழுப்பில் நசுங்கலிலிருந்து விடுபட்டு, சுடுவதற்குத் தயாராகக் குழலுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. வெளியே துள்ளி, பச்சைத் துணிமேல் உருண்டது.

அப்போதுதான் அவர் அண்ணாந்து பார்த்தார். துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்தது பலகைக் கூரையை. அதற்கு மேலே, மாடியில் சமையலறை. யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

லுவான் ஏப்ரனோடு, கையில் ஆப்பிள் பலகாரத் தட்டோடு படியிறங்கி வந்தாள். "என்ன, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றவள் தோட்டாவைப் பார்த்தாள், பிறகு அவரை.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"வீட்டுல... பன்னெண்டே முக்காலுக்கு."

"இப்ப ஒண்ணு பத்து."

அவள் தட்டை வைத்துவிட்டு, அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திறந்தாள்.

"கூப்பிடுற லிஸ்ட்ல என் பேருதானே முதல்ல இருக்கு," என்றாள். குரல் உயரவில்லை. போனைத் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியேறிப் போனாள்.

ஆர்டல் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தலைக்கு மேலே அவளுடைய காலடிச் சத்தம் பலகையில் நடந்து வந்து, அவருக்கு நேர் மேலே நின்றது.